கெமிக்கல் இல்லாததுதானுங்களே?

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கேள்விதான். விலை என்ன, எத்தனை கிராம், கூரியர் எப்போது வரும் என்பதெல்லாம் அப்புறம். "கெமிக்கல் இல்லாததுதானுங்களே?" காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சோப்பும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் செய்யத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. இரண்டு வருடம் ஒரே பதில்தான் சொன்னேன்: "ஒரு துளிகூட இல்லைங்க." கடைசியில் அதை விரைவுப் பதிலாகவே சேமித்து வைத்திருந்தேன். சாய்கோடு போட்டு 'கெ' என்று அடித்தால் போதும், முழு வாக்கியமும் வாலில் ஒரு பச்சை இலையோடு வந்து நிற்கும். அந்தப் பதிலை அழித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அழிக்க வைத்த விஷயம் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சோப்பு விற்கும்போதே அந்தப் பதில் பொய்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்குவது மூலிகை இல்லை, காஸ்டிக் சோடா. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 183 கிராம் சோடா வேண்டும். 5 சதவீத எண்ணெயைத் தோலுக்காக அப்படியே விட்டுவைப்பது வழக்கம் என்பதால் நான் போடுவது 174 கிராம். எண்ணெய்க்கு எண்ணெய் கணக்கு மாறும். விளக்கெண்ணெய்க்கு 128 கிராமே போதும். டம்ளர் கணக்கில் சோப்பு செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது, அலுமினியம் பக்கத்திலேயே வரக்கூடாது என்பதை நான் கற்றது, முதல் வாரமே அலுமினியப் போசியில் கலக்கி அது நுரைத்துப் பொங்கி அடி கறுத்துப்போன பிறகு. சரி, ஓரிரு நாளில் சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். நாலைந்து வாரம் காய வைப்பது ஈரம் வற்றிக் கட்டி இறுகத்தான். ஆக, கட்டியில் காஸ்டிக் மிச்சமில்லை என்பது உண்மை. கெமிக்கலே இல்லை என்பது வியாபார சாமர்த்தியம்.

ஆனால் சோப்பு என் பொய்யைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன் பி.ஹெச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 9-க்கும் 10-க்கும் இடையில் நிற்கும். அந்தக் காரத்தில் கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லை. தலை எண்ணெயும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தது கற்றாழை ஜெல்.

ஈரக்கை

ஜெல் செய்தது பெரிய வித்தை இல்லை. வேலியோரத்துக் கற்றாழை மடலை வெட்டி, மஞ்சள் பால் வடிய நிறுத்தி வைத்து, சோற்றை வழித்து மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கெட்டியாக நிற்க சாந்தன் கம் போட்டு, நாலு வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து, லாவெண்டர் எண்ணெய் சில சொட்டு. வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். 100 கிராம் டப்பாவில் அடைத்து, '6 மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று லேபிள் ஒட்டினேன். ஏன் 6 என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இல்லை. வேறு யாருடைய டப்பாவிலோ அப்படிப் போட்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா படம் அனுப்பினார். மூடியின் உள்பக்கம் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி. வேறு ஒன்றும் எழுதவில்லை, ஒரு கேள்விக்குறிகூட இல்லை. நான் உடனே பதில் போட்டேன்: "டப்பாவுக்குள்ள ஈரக்கை பட்டிருக்குமுங்க. இனிமே ஸ்பூன்ல எடுங்க, நான் வேற டப்பா அனுப்பி வைக்கறேன்." கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து வந்தது: "சாரிங்க, எங்க மேலதான் தப்பு."

அந்த 'சாரிங்க'வை அப்போது நிம்மதியோடுதான் படித்தேன். புது டப்பாவை அன்றைக்கே கூரியரில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அலமாரியை ஒதுக்கும்போது அதே தேதி டப்பா ஒன்று கையில் கிடைத்தது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒன்றை விற்காமல் எடுத்து வைப்பது நான் கடைப்பிடித்த ஒரே நல்ல பழக்கம். அதில் யார் கையும் பட்டதில்லை, ஈரக்கையும் பட்டதில்லை, காய்ந்த கையும் பட்டதில்லை. திறந்து பார்த்தேன். பூசணம் ஒன்றும் காணோம். ஆனால் ஜெல் நீர்த்துப்போய் டப்பாவைச் சாய்த்தால் ஓடியது. மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லாவெண்டருக்கு அடியில் புளித்த கஞ்சி வாடை.

கோவையில் இருக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு டப்பா அனுப்பினேன். ஒன்று அந்தப் பழைய டப்பா. இன்னொன்று பத்து நாள் முன்னால் செய்தது; பளபளவென்று, கண்ணாடி மாதிரி, நல்ல வாசனையோடு இருந்தது. பழையது கெட்டுவிட்டது என்று சொல்வார்கள், புதியது நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள், ஆக ஒரு மாதம்தான் தாங்கும் என்று லேபிளை மாற்றிக்கொள்ளலாம். என் கணக்கு அவ்வளவுதான். ஒரு கிராமில் உயிருள்ள கிருமிகள் 1000-க்குள் இருக்க வேண்டும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றித் தடவுவதற்கும் என்றால் 100-க்குள் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு. பழைய டப்பாவுக்கு எதிரே எண் எதுவும் இல்லை. 'எண்ண முடியாத அளவு' என்று எழுதியிருந்தது. அந்தக் கூடங்களில் அப்படி எழுதுவது வழக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது, யாரோ அலுத்துப்போய் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வரியில் புது டப்பா. அதற்கும் அதேதான். எண்ண முடியாத அளவு.

பூசணம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம். வாடை வந்தாலும் தூக்கிப் போடுவோம். மணக்க மணக்க இருக்கும் டப்பாவைத்தான் முகத்தில் தடவுவோம், முகப்பரு உடைந்த இடத்தில் தடவுவோம், குழந்தைக்கு வேர்க்குரு என்றால் அதற்கும் தடவுவோம். தண்ணீர் உள்ள அழகுப் பொருட்களில் சூடோமோனாஸ் என்று ஒரு கிருமி அடிக்கடி குடியேறும். கீறல் பட்ட கண்ணுக்குள் போனால் பார்வையையே கெடுக்கக் கூடியது. நல்ல வேளை, என் டப்பாக்களில் அது இல்லை என்று அறிக்கையில் இருந்தது. அது என் திறமையால் இல்லை.

அப்புறம் அந்த ஈரக்கை. ஈரக்கை பட்டால் கெடும் என்பது உண்மைதான். ஆனால் குளியலறைத் தட்டில் உட்காரப் போகும் பொருளை விற்றுவிட்டு ஈரக்கை படாமல் எடுங்கள் என்று சொல்வது, குடையை விற்றுவிட்டு மழையில் பிடிக்காதீர்கள் என்று சொல்வது மாதிரி. ஈரக்கை படும், மூடி திறந்து கிடக்கும், சூடான காருக்குள் ஒரு வாரம் மறந்து கிடக்கும். இத்தனையும் தாங்குகிற மாதிரிச் செய்ய வேண்டியது செய்கிறவர் வேலை.

திரி

எண்ணெய் காய்ச்ச எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வருவார். என்னைவிட இருபது வயது மூத்தவர், கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிவதிலிருந்து எல்லாம் அவர் பொறுப்பு. இரும்புச் சட்டியில் செக்கு எண்ணெயோடு கரிசலாங்கண்ணிச் சாறு, மருதாணி, கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாம் போட்டுச் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பார். முதலில் பொங்கும், அப்புறம் பொங்கல் அடங்கும், அப்புறம் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அடியில் தேங்கும் கல்கத்தை, அதாவது மூலிகை விழுதை, விரலில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். ஒட்டுகிறதா, மெழுகு மாதிரித் திரள்கிறதா, மணலாக உதிர்கிறதா என்று பதம் பார்ப்பது. கடைசியில் ஒரு சோதனை இருக்கிறது. பஞ்சைத் திரியாகத் திரித்து, எண்ணெயில் நனைத்து, தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைப்பார். சுடர் அமைதியாக நின்றால் இறக்கலாம். சடசடவென்று வெடித்தால் எண்ணெயில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப அடுப்பில் ஏறும்.

இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பரிசோதனை அறிக்கை வந்த அன்றைக்கும் காய்ச்சல் நடந்துகொண்டிருந்தது. நான் திண்ணையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரி சடசடத்தது. அக்கா அதை ஊதி அணைத்துவிட்டு, என்ன கண்ணு மூஞ்சி தொங்கிப்போச்சு என்று கேட்டார். சொன்னேன். கற்றாழை எல்லாம் இயற்கைதானே, வைட்டமின்கூடப் போட்டேனே, எப்படிக் கெட்டதென்று தெரியவில்லை என்று புலம்பினேன். அவர் கையில் இருந்த திரியைக் காட்டினார்.

"சொட்டுத் தண்ணி இருந்தாலே எண்ணெய் கெட்டுப்போவும்னு நெருப்புல போட்டுப் பாக்கறோம். நீ என்னமோ தண்ணியவே டப்பால ஊத்தி மூடி ஆறு மாசம் வெச்சிக்கச் சொல்றயே கண்ணு."

சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

கற்றாழைச் சோற்றில் 98, 99 சதவீதம் தண்ணீர். மிச்சம் இருக்கும் ஒரு பங்கில் சர்க்கரை வகைகள். அதாவது நான் விற்றது கிருமிக்குச் சமைத்து வைத்த சாப்பாடு, கூடவே குடிக்கத் தண்ணீர். வைட்டமின் ஈ எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவையும் பூசணத்தையும் அது ஒன்றும் செய்யாது. இந்த இரண்டு வேலைகளையும் ஒன்று என்று நினைத்துத்தான் வீட்டில் கிரீம் செய்கிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறோம். எண்ணெய் காறுவது காற்றால், ஜெல் கெடுவது உயிரால்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு பழைய பொருட்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். பாட்டி காலத்தில் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கப் போடும் பொருள்) இருந்ததா என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வீசும் அஸ்திரம். நானும் வீசியிருக்கிறேன். இல்லைதான். ஆனால் பாட்டி எதையெல்லாம் எடுத்து வைத்தாள்? பயத்தம்பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகு அரைத்த நலங்கு மாவு. காய்ந்த சீயக்காய்த் தூள். காய்ந்த அரப்பு. ஈரம் போகும்வரை காய்ச்சிய எண்ணெய். எல்லாமே தண்ணீர் இல்லாதது. தண்ணீர் சேர்ந்த பொருளும் இருந்தது. சனிக்கிழமை காலையில் அரப்பை வடிகஞ்சியில் கரைத்து வைப்பாள், தலைக்குத் தேய்த்துக் குளித்து முடித்ததும் மிச்சத்தை வாசற்படி ஓரத்துச் செடிக்குக் கொட்டிவிடுவாள். கரைத்த அரப்பை டப்பாவில் அடைத்து அடுத்த மாசத்துக்கு வைக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நான் அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு அவள் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறேன்.

இதிலிருந்து இரண்டு வழிதான். தண்ணீரே இல்லாத பொருளாகச் செய்வது, இல்லாவிட்டால் தண்ணீருக்குக் காவல் போடுவது. முதல் வழிதான் மரியாதையானது என்று இன்றும் நினைக்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிற யாராவது என்னிடம் கேட்டால் எண்ணெய், தைலம், மெழுகு சேர்த்த பாம், மாவு இவற்றோடு முதல் இரண்டு வருடத்தை ஓட்டுங்கள் என்றே சொல்கிறேன். ஆனால் எனக்கு ஜெல்லை விட மனசு வரவில்லை. வெயில் காலத்தில் அதுதான் ஓடியது, கூச்சப்படாமல் சொன்னால் அதில்தான் லாபமும்.

பேப்பர் போட்ட நிறம்

காவல் போடுவதென்று முடிவானதும் சோடியம் பென்சோயேட்டில் போய் நின்றேன். ஊறுகாயிலும் ஜூஸிலும் போடுவதுதான், கேட்டால் சொல்ல சுலபம் என்பதுதான் காரணம். 0.5 சதவீதம் போட்டேன். மறுபடி கூடத்துக்கு அனுப்பினேன். மறுபடி எண்ண முடியாத அளவு.

என்ன தப்பு என்று கண்டுபிடித்தது ஒரு பி.ஹெச். பேப்பர். சோடியம் பென்சோயேட் அப்படியே நின்று கிருமியைக் கொல்வதில்லை. புளிப்பில் அது பென்சோயிக் அமிலமாக மாற வேண்டும், அந்த அமிலம்தான் கிருமியின் தோலைக் கடந்து உள்ளே போகும். பி.ஹெச். 4.2-ல் பாதிக்குப் பாதி அமிலமாக இருக்கும். 5.2 என்றால் சுமார் 9 சதவீதம். 6.2 என்றால் ஒரே ஒரு சதவீதம். என் ஜெல்லில் பேப்பரை நனைத்தேன். பச்சை சாய்ந்த மஞ்சள் வந்தது. பெட்டியின் நிறப் பட்டையில் ஒப்பிட்டால் 6-க்கும் 6.5-க்கும் இடையில். அதாவது நூறு காவலாளிக்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். கற்றாழை தன்னளவில் புளிப்புதான், ஆனால் நான் கொதிக்க வைத்துச் சேர்த்தது எங்கள் போர் தண்ணீர். கெட்டிலில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீர் அது, ஜெல்லைக் காரத்தின் பக்கம் இழுத்துவிட்டது. ஊறுகாயில் அது வேலை செய்வதும் ஊறுகாய் புளிப்பதால்தான்.

அதற்குப் பிறகு மிக்ஸியும் வேலியோர மடலும் போயின. ஒவ்வொரு மடலும் ஒவ்வொரு மாதிரி. மழைக்கு ஒரு தன்மை, கோடைக்கு ஒரு தன்மை, மண்ணும் கிருமியும் இலவசம். இப்போது 200 மடங்கு செறிவாக்கிய கற்றாழைப் பொடி. 99.5 கிராம் வடிநீரில் அரை கிராம் கரைத்தால் கற்றாழைச் சாறு. இதைச் சொன்னாலே சிலருக்கு முகம் சுருங்குகிறது, பச்சை மடல் படம்தான் அவர்களுக்கு வேண்டும். சாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் தூவினால் ஜவ்வரிசி மாதிரி உருண்டு கட்டிப்போகும், எவ்வளவு அடித்தாலும் உடையாது. முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, அந்தக் குழம்பைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். கடைசியில் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச்.சை 4.8-க்குக் கொண்டுவருவேன். தோலின் மேற்பரப்பே 5-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் எரிச்சல் இல்லை. அந்த 4.8-ல் பென்சோயேட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு உயிர் இருக்கும். அது பூசணத்தைப் பார்த்துக்கொள்ளும். சூடோமோனாஸ் வகையறாவுக்கு ஃபீனாக்ஸி எத்தனால். கூடவே துளி ஈ.டி.டி.ஏ., அது கிருமியின் மேலுறையைத் தளர்த்திவிடும். மூன்றும் சேர்ந்து 100 கிராமுக்கு 0.9 கிராம். இந்த அளவை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஜெல்லில் ஒரு பழச்சாறு கூடுதலாக இருந்தாலே கணக்கு மாறிவிடும்.

மாறவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் சேலஞ்ச் டெஸ்ட். சாதாரணப் பரிசோதனை டப்பாவில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்லும். இது வேறு. ஐந்து வகைக் கிருமிகளை வேண்டுமென்றே ஜெல்லுக்குள் விடுவார்கள். மூன்று பாக்டீரியா, ஒரு ஈஸ்ட், ஒரு பூசணம். 28 நாள் வைத்திருந்து, 7, 14, 28-ஆவது நாளில் எடுத்து எண்ணுவார்கள். பாக்டீரியா ஒரு வாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் தேறியது. சாதாரணப் பரிசோதனையைவிட இதற்குச் செலவு பல மடங்கு. முதல் தடவை விலை கேட்டபோது, இந்தப் பணத்துக்கு இன்னும் எத்தனை கிலோ எண்ணெய் வாங்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. யோசித்துப் பார்த்தால் 28 நாளும் நடப்பது ஒன்றுதான்: திருப்பூரில் நடந்ததாக நான் சொன்ன அந்த ஈரக்கையை, கூலி கொடுத்து வேண்டுமென்றே டப்பாவுக்குள் விடச் சொல்கிறோம். என் ஜெல் இரண்டாவது தடவைதான் தேறியது.

பயமும் பேரமும்

இதை முன்பே செய்யாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை, பயமும்தான். பாராபென் என்ற பிரிசர்வேட்டிவின் பெயரைக் கேட்டாலே புற்றுநோய் என்று சொல்லிப் பழகியிருந்தோம். அதன் வேர் 2004-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு ஆய்வு. 20 மார்பகக் கட்டி மாதிரிகளைச் சோதித்து அவற்றில் பாராபென் இருப்பதாகச் சொன்னது. அதனால்தான் கட்டி வந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, நல்ல திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் டப்பாக்களின் முகப்பில் 'பாராபென் இல்லாதது' என்று ஏறிவிட்டது. பாராபென் போன இடத்தில் என்ன வந்தது என்பதுதான் கூத்து. பல கம்பெனிகள் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற ஒன்றை எடுத்தன. அது தோலில் ஒவ்வாமையை அள்ளி விட்டது. தோல் ஒவ்வாமையைக் கவனிக்கும் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி 2013-ல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. கழுவாமல் தோலில் விட்டுவைக்கும் பொருட்களில் அதைச் சேர்க்கக்கூடாதென்று ஐரோப்பா 2017-ல் தடுத்தது. அதே சொசைட்டி 2019-ல் பாராபென்களை அந்த ஆண்டின் 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. எல்லா பாராபெனும் குழந்தை என்று சொல்ல வரவில்லை, அவற்றில் ஐந்தை ஐரோப்பா 2014-ல் தடை செய்திருக்கிறது. ஒரு பெயரைப் பார்த்துப் பயந்து ஓடினால் எதன் மடியில் போய் விழுகிறோம் என்று பார்க்காமலே ஓடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நான் பாராபென் போடவில்லை. போட்டால் விற்காது. அதுவும் பயம்தான், அறிவியல் இல்லை.

உரிமம் பற்றி நீட்டி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். சுருக்கமாக: வீட்டு அடுப்பங்கரையில் செய்து லேபிள் ஒட்டி விற்பது சட்டப்படி சரியில்லை, நான் இரண்டு வருடம் அப்படித்தான் விற்றேன். 2020-ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். சொந்தமாக இடமும் இயந்திரமும் போட முடியாதவர்கள் உரிமம் உள்ள வேறொருவர் கூடத்தில் தங்கள் பொருளைச் செய்துகொள்ளலாம். அதற்கு லோன் லைசன்ஸ் என்று பெயர். நான் இப்போது அந்த வழியில்தான் போகிறேன். எண்ணெய் காய்ச்சுவதும் அங்கேதான், அக்காவும் கூடவே வந்துவிட்டார். அங்கே எல்லாம் ஸ்டீல், எல்லாவற்றுக்கும் நோட்டு. முதல் வாரம் அவர் திரியைப் பற்ற வைத்தபோது கூடத்துப் பையன் ஓடி வந்து இங்கே நெருப்பு கூடாதுங்க என்றான். அப்புறம் வெளியே கொண்டுபோய்ப் பற்ற வைத்தார். அந்தச் சோதனையையும் நோட்டில் ஒரு கட்டமாகச் சேர்த்திருக்கிறோம்.

டப்பாவையும் மாற்றினோம். விரல் விட்டு எடுக்கும் வாய் அகன்ற டப்பா போய், அமுக்கினால் வரும் பம்ப் பாட்டில். ஒன்றுக்குச் சில ரூபாய் கூடுதல்.

லேபிளின் முதல் வரி

ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அதிகம் இருப்பதிலிருந்து குறைவாக இருப்பதுவரை வரிசையாக லேபிளில் போட வேண்டும் என்பது விதி. ஆகவே என் கற்றாழை ஜெல்லின் முதல் வரி 'தண்ணீர்'. இரண்டாவது கிளிசரின். கற்றாழை கடைசிக் கூட்டத்தில், ஃபீனாக்ஸி எத்தனாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் லேபிளைப் படம் பிடித்து 'தண்ணீர்' என்ற சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினார். இன்னொருவர் கேட்டார், "முன்னாடி எல்லாம் நல்லாத்தானே செஞ்சிட்டிருந்தீங்க?" ஜெல் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் கணிசமானவர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று தெரியும். பச்சை இலையோடு பதில் சொல்பவர்களிடம்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த டப்பாக்களைப் பார்க்கும்போது மனசு புளித்த கஞ்சி வாடையைத் தேடுகிறது.

கெமிக்கல் இல்லாததுதானே என்று கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் உண்மையில் கேட்பது, இதைத் தடவினால் என் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதுதானே என்பது. அதைக் கேட்க அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தை அது. இப்போது நான் பாட்டிலில் என்ன இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று நாலு வரி எழுதுகிறேன். விரைவுப் பதிலாகச் சேமிக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகவே அடிக்கிறேன். சில நாள் எரிச்சலாக வரும். பாதிப் பேர் படித்துவிட்டு அத்தோடு போய்விடுகிறார்கள்.

திருப்பூர் அம்மாவுக்கு மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாசம் எழுதினேன். அந்த டப்பா கெட்டதற்கு உங்கள் கை காரணம் இல்லை, நான் செய்த விதம்தான் காரணம், எடுத்து வைத்த டப்பாவும் கெட்டிருந்தது, அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அப்புறம் நான் அனுப்பி வைத்த டப்பாவும் நல்லது இல்லை என்று. நீளமாகத்தான் எழுதினேன். அன்றைக்கு முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலையில் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"அட விடுங்க, அந்த டப்பாவ அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். நீங்க ஈரக்கைன்னு சொன்னீங்கல்ல, எம் பொண்ணுதான் குளிச்சிட்டு வந்து எடுப்பா. அவளத்தான் நாலு போட்டுட்டேன் அன்னைக்கு. சரி, ஸ்கூல் விட்டு வரட்டும், சொல்லிடறேனுங்க."